ஏலம் எடுத்தவர் பணம் கட்டவில்லை. அடுத்தவருக்கு என்ன விலைக்குக் கொடுப்பது?

கொழிஞ்சாம்பாறை ஆடியோ:

எல்லோருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். பழைய டேப்ரிகார்டர், ஆம்ப்ளிபயர், ரேடியோ இவற்றை வாங்கிச் சரிசெய்து விற்பதுதான் தொழில். சித்தூர், வேலந்தாவளம், கோபாலபுரம், அந்தப் பக்கம் பொள்ளாச்சி வரைக்கும் போய்ப் பழைய செட் எடுப்பேன். விற்பது முழுக்க ஆன்லைன் ஏலத்தில். பழைய ஆடியோ பிரியர்கள் சேர்ந்த ஒரு வாட்ஸ்அப் குழுவில் வெள்ளிக்கிழமை படமும் வீடியோவும் போடுவேன், ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு ஏலம் முடியும். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் கோவை, திருப்பூர், மதுரை, சென்னை ஆட்கள்.

போன வாரம் ஒரு பி.பி.எல் சான்யோ டூ-இன்-ஒன் (ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த செட்) போட்டேன். பி.பி.எல் கம்பெனி 1963-இல் எங்கள் பாலக்காட்டில் தொடங்கியது என்பதால் இந்தப் பக்கத்து வீடுகளில் அந்தப் பெயருக்கு இன்றைக்கும் ஒரு மரியாதை உண்டு. இந்த செட்டைக் கொடுத்த வீட்டில் அதைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். உள்ளே பெல்ட் எல்லாம் உருகிக் கறுப்புத் தார் மாதிரி புல்லியில் அப்பியிருந்தது. பஞ்சில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் தொட்டு அதைத் துடைத்து எடுக்கவே ஒரு மதியம் போனது. புது பெல்ட், டேப்பை இழுக்கும் பிஞ்ச் ரோலர் புதிதாகப் போட்டு, ஹெட்டைச் சுத்தம் செய்து, வால்யூம் கன்ட்ரோலில் இருந்த கரகரப்பையும் போக்கினேன். கேசட் ஓடும் வீடியோவில் பாட்டு அலையாமல் நின்று ஒலித்தது. வாங்கிய விலையும் சாமானும் சேர்த்து எனக்கு 2,900 ரூபாய் ஆனது.

ஏலம் 3,000-இல் தொடங்கியது. முக்கியமாக மூன்று பேர். ஒருவர் (பெயர் வேண்டாம், மூன்றாமவர் என்கிறேன்) 4,800 வரை வந்தார். அப்போது குழுவுக்குப் புதிதாக வந்த ஒருவர் ஒரே தாவாக 6,000 என்றார். மூன்றாமவர் அத்தோடு விலகிக்கொண்டார். பிறகு புதியவருக்கும் இரண்டாமவருக்கும் போட்டி. இரண்டாமவர் 7,000 வரை கேட்டார். புதியவர் 8,600 என்று முடித்துவிட்டார்.

ஞாயிறு இரவே விலாசம் கேட்டேன், தந்தார். பணம் வரவில்லை. திங்கள் கேட்டால் "அண்ணா, நாளைக்கு ஜிபே பண்றேன்" என்றார். செவ்வாய் கேட்டால் வங்கியில் சர்வர் பிரச்சினை என்றார். புதன்கிழமையிலிருந்து மெசேஜில் நீல டிக் மட்டும் விழுகிறது, பதில் இல்லை. போன் எடுப்பதில்லை.

சரி என்று இரண்டாமவரிடம் பேசினேன். அவர் எனக்குப் பழக்கமானவர், இதற்கு முன்னால் மூன்று நான்கு சாமான் எடுத்தவர். 7,000-க்கு எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டதும் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஏங்க, அந்த 8,600 நிஜமாகவே ஒரு ஆள்தானா?" என்றார். நான்தான் ஆள் வைத்து விலை ஏற்றிவிட்டேனோ என்று சந்தேகப்படுகிறார். அந்தக் கேள்வி என்னைத் தைத்துவிட்டது. பணம் வராதது போகட்டும், அடுத்த செட்டில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் யாரோ ஒருவர் விளையாடிவிட்டுப் போனதில் என் பெயர் கெடுகிறது. இந்தத் தொழிலில் சாமானைத் தொட்டுப் பார்க்காமல், என் வார்த்தையையும் வீடியோவையும் நம்பித்தான் பணம் அனுப்புகிறார்கள்.

இரண்டு விஷயம் தெரிய வேண்டும். இந்த செட்டை இரண்டாமவருக்கு என்ன விலைக்குக் கொடுப்பது நியாயம்? இனிமேல் இப்படிப்பட்டவர்களை வாசலிலேயே எப்படித் தடுப்பது?

பொள்ளாச்சி வால்வு ரேடியோ:

தம்பி, உங்கள் கேள்வியில் முதல் பாதிதான் முக்கியம். இரண்டாவதற்கு ஊரில் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். முதலாவதை யாரும் யோசிப்பதில்லை. நான் பொள்ளாச்சியில் டி.வி., ரேடியோ மெக்கானிக். வால்வு ரேடியோக்களை ஆன்லைனில் ஏலம் விடுகிறேன். இந்த வலி எனக்கும் தெரியும்.

7,000 நியாயமான விலை இல்லை. ஏன் என்று பாருங்கள். இரண்டாமவர் 7,000 வரைக்கும் ஏன் போனார்? எதிரே ஒருவர் 6,000, 6,600 என்று ஏற்றிக்கொண்டே இருந்ததால் போனார். அந்த ஒருவர் பணம் கட்டும் ஆளே இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. அப்படியென்றால் அவர் கேட்ட எந்த விலையும் விலை இல்லை. கடைசி 8,600-ஐ மட்டும் அடித்துவிட்டு 7,000-ஐ வைத்துக்கொள்வது பாதிக் கணக்கு. அவர் கேட்டது எல்லாவற்றையும் மேலிருந்து கீழ் வரை அடியுங்கள். மிச்சம் என்ன நிற்கிறது? மூன்றாமவரின் 4,800. உங்கள் குழுவில் 200 ரூபாய் ஏற்றம் என்றால் இரண்டாமவர் 5,000-க்கே ஜெயித்திருப்பார். அந்த விலையை நீங்களாகவே சொல்லியிருந்தால் "நிஜமான ஆள்தானா" என்ற கேள்வி அவர் வாயில் வந்திருக்காது. ஆள் வைத்து ஏற்றுகிறவன் எவனும் இரண்டாயிரம் ரூபாயைத் தானாக விட்டுக்கொடுக்க மாட்டான்.

இரண்டாமவர் தன் வாயால் 7,000 என்று கேட்டாரே, அவருக்கு அது கட்டுபடியாகும் விலைதானே என்று சிலர் வாதாடுவார்கள். கட்டுபடியாகும் என்பது வேறு, நியாயம் என்பது வேறு. பொய்யான போட்டியில் வந்த விலையை உண்மையான ஆளிடம் வசூலித்தால், அந்தப் புதியவர் செய்ததன் பலனை நாம் எடுத்துக்கொண்டதாக ஆகும். எனக்கு அது ஒப்பாது.

இனித் தடுப்பது பற்றி. பணம் கட்டாதவர்கள் எல்லோரும் ஒரே ரகம் இல்லை. பாதிப் பேர் கெட்டவர்களே இல்லை. பார்சல் செலவைக் கேட்டதும் ஓடிவிடுகிறவர்கள் நிறைய. டிரான்ஸ்பார்மர் உள்ள ஆம்ப்ளிபயர் பத்து கிலோ வரும். 4,000-க்கு ஏலம் எடுத்தவரிடம் அப்புறமாகக் கூரியருக்கு 900 என்றால் மனிதர் வாயடைத்துப் போவார். அதனால் பேக் செய்த எடையையும், கோவை வரை எவ்வளவு, சென்னை வரை எவ்வளவு என்பதையும் முதல் படத்தோடு எழுதிவிடுங்கள். நான் அப்படி எழுத ஆரம்பித்த பிறகு பாதித் தலைவலி போய்விட்டது. சம்பளத் தேதிக்காகக் காத்திருப்பவர்கள் இன்னொரு ரகம். அவர் ஏலத்துக்கு முன்பே "ஒன்றாம் தேதி தருகிறேன்" என்று சொன்னால் நான் சரி என்பேன். ஜெயித்த பிறகு சொன்னால் ஒப்புக்கொள்வதில்லை.

மிச்சம் இருப்பது ராத்திரி உற்சாகத்தில் விலை ஏற்றிவிட்டுக் காலையில் கம்பி நீட்டுகிற ரகம். உங்களுக்கு வாய்த்தது அதுதான். இவர்களுக்கு முன்பணம் ஒன்றே மருந்து. கோயில் தென்னை மரத்துக் குத்தகை ஏலத்துக்குப் போயிருக்கிறீர்களா? டேவணித் தொகை கட்டாதவன் அங்கே வாயே திறக்க முடியாது. எடுக்காதவனுக்கு அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நான் அதையே வைத்திருக்கிறேன். என்னிடம் முன்பு எதுவும் வாங்காதவர் 2,000-க்கு மேல் கேட்க வேண்டுமானால் 300 ரூபாய் டேவணி. தோற்றால் அன்று ராத்திரியே திருப்பி அனுப்பிவிடுவேன், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க மாட்டேன். முந்நூறு பெரிய பணம் இல்லை. ஆனால் சும்மா விளையாட வருகிறவன் முந்நூறு கொடுத்து விளையாட மாட்டான்.

தாவலையும் நிறுத்துங்கள். 4,800-இலிருந்து 6,000-க்கு ஒரே தாவாகத் தாவியதால்தான் மூன்றாமவர் விலகினார். ஏற்றம் 200 என்றால் 200-தான், அதிகம் போனால் 400. கடைசி ஐந்து நிமிஷத்தில் யாராவது கேட்டால் இன்னொரு ஐந்து நிமிஷம் நீட்டுங்கள். நிதானமாக ஏறும் ஏலத்தில் இந்த மாதிரி ஆட்களுக்குக் கிக் இல்லை.

களியக்காவிளை லென்ஸ்:

அண்ணாச்சி சொன்னதில் ஒன்றே ஒன்றில் எனக்குக் கருத்து வேறுபாடு. 5,000 என்பதும் முழு நியாயம் இல்லை. மூன்றாமவர் 4,800-இல் நின்றது அவருடைய எல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? 6,000 என்ற தாவலைப் பார்த்துப் பயந்து போனவர் அவர். தாவல் இல்லாவிட்டால் 5,200 கேட்டிருக்கலாம், 5,400-உம் கேட்டிருக்கலாம். அதனால் அந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு, 4,800-இலிருந்து அரை மணி நேரம் மறுபடி ஏலம் விடுங்கள். குழுவிலேயே எல்லோரும் பார்க்க நடக்கட்டும். உங்களுக்கும் நஷ்டம் குறையும், மூன்றாமவரும் நாளைக்குக் குறை சொல்ல மாட்டார்.

நான் பழைய கேமரா லென்ஸும் லைட் மீட்டரும் ஈபேயில் வெளிநாட்டுக்கு விற்கிறேன். ஈபே 2004-இல் பாஸி என்ற இந்திய ஏலத் தளத்தை வாங்கி இங்கே கால் வைத்தது. அதன் இந்தியத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. இப்போது நம்மால் அதில் வெளிநாட்டுக்கு மட்டும்தான் விற்க முடியும். பெரிய தளம் என்றால் இந்தத் தொல்லை இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள், அங்கேயும் உண்டு. அதற்கென்று விதி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். ஏலம் முடிந்ததும் வாங்குபவருக்கு நான்கு நாள் தவணை. அதற்குள் பணம் வராவிட்டால் விற்பவர் ரத்து செய்யலாம், தானாகவே ரத்தாகும்படியும் செட்டிங்கில் போட்டுவைக்கலாம். ரத்து செய்யும்போது "பணம் கட்டவில்லை" என்ற காரணத்தைத்தான் தேர்வு செய்ய வேண்டும். அப்போதுதான் அந்தக் கணக்கில் கரும்புள்ளி விழும். பாவம் பார்த்து "வாங்குபவர் கேட்டுக்கொண்டார்" என்று ரத்து செய்தால் அந்த ஆள் சுத்தமாக அடுத்த கடைக்குப் போய்விடுவார். பன்னிரண்டு மாதத்துக்குள் இரண்டு தடவை பணம் கட்டாமல் விட்டவர்கள் நம் பொருளைக் கேட்கவே முடியாதபடி தடுக்கவும் வசதி உண்டு. ஒவ்வொரு விற்பவரும் உண்மையான காரணத்தைப் பதிந்தால்தான் அந்தத் தடுப்பு வேலை செய்யும்.

இரண்டாமவருக்கு மறுவாய்ப்பு அனுப்பும் வழியும் அங்கே இருக்கிறது. ஆனால் அவர் கடைசியாகக் கேட்ட விலைக்குத்தான் அனுப்ப முடியும், பொள்ளாச்சி அண்ணாச்சி சொன்ன மாதிரி போலி விலையைக் கழித்துக் கொடுக்க வழி இல்லை. இந்த விஷயத்தில் உங்கள் வாட்ஸ்அப் குழு மேல் என்பேன். இன்னொன்று: 2008 முதல் அங்கே விற்பவர் வாங்குபவருக்குக் கெட்ட மதிப்பீடு எழுதவே முடியாது. அதனால் ஒருவரது புள்ளியைப் பார்த்து நல்லவர், கெட்டவர் என்று முடிவு கட்ட முடியாது. விலை தெரிந்த பொருளை நான் இப்போது ஏலத்தில் போடுவதே இல்லை. நிலையான விலை, உடனே பணம் என்று போட்டுவிடுகிறேன். பணம் கட்டினால்தான் பொருள் அவருடையது. ஏலம் அபூர்வச் சாமானுக்கு மட்டும்.

சித்தூர் கோர்ட் ரோடு:

நான் வக்கீல். இதில் சட்டம் என்ன சொல்கிறது என்று யாரும் பேசாததால் எழுதுகிறேன். நீங்கள் கேரளத்தில், வாங்குபவர் தமிழ்நாட்டில் என்பதால் குழம்ப வேண்டாம். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் மத்தியச் சட்டம், வாளையார் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான்.

அதில் 64-ஆம் பிரிவு ஏலத்துக்கானது. சுத்தியலைத் தட்டியோ, வழக்கமான வேறு விதத்திலோ "முடிந்தது" என்று அறிவிக்கும்போது விற்பனை முற்றுப்பெறுகிறது. அதற்கு முன்னால் வரை கேட்டவர் தன் விலையைத் திரும்பப் பெறலாம், அது அவர் உரிமை. அதனால் ஞாயிறு ஒன்பது மணிக்கு "இன்னார்க்கு, இன்ன விலைக்கு, முடிந்தது" என்று குழுவில் தெளிவாக ஒரு வரி எழுதுங்கள். வெறும் கைகூப்பும் பொம்மையும் கட்டைவிரலும் போட்டு விடாதீர்கள்.

அடுத்தது 54-ஆம் பிரிவு. விலை வராதவரை பொருள் உங்கள் கையில் இருக்கிறது. "இன்ன நேரத்துக்குள் பணம் வராவிட்டால் வேறு ஆளுக்கு விற்பேன்" என்று அவருக்கு அறிவிப்புக் கொடுத்து, நியாயமான அவகாசமும் கொடுத்து, அதற்கும் வராவிட்டால் விற்கலாம். அப்படிக் குறைந்த விலைக்கு விற்க நேர்ந்தால் அந்த நஷ்டத்தைப் புதியவரிடம் கேட்கவும் உரிமை உண்டு. அறிவிப்பு கொடுக்காமல் விற்றால் நஷ்டம் கேட்க முடியாது. ஏல விதியிலேயே "பணம் கட்டத் தவறினால் மறுவிற்பனை செய்யும் உரிமை எனக்கு உண்டு" என்று முன்கூட்டி எழுதி வைத்துவிட்டால் இன்னும் பலம், அதையும் அதே பிரிவு ஏற்கிறது. மூவாயிரம் ரூபாய்க்காக நீங்கள் வழக்குப் போடப் போவதில்லை, போடச் சொல்லவும் மாட்டேன். ஆனால் விதி எழுத்தில் இருந்தால் குழுவில் உங்கள் பேச்சுக்கு எடை கூடும்.

ஆள் வைத்து விலை ஏற்றும் பேச்சு வந்ததால் அதையும் சொல்கிறேன். விற்பவர் தானும் கேட்பேன் என்று முன்னரே அறிவிக்காமல் தானோ தன் ஆளோ ஏலம் கேட்பதை அதே 64-ஆம் பிரிவு தடுக்கிறது. அப்படி நடந்தால் வாங்கியவர் அதை மோசடியாகக் கொள்ளலாம். உங்கள் பழைய வாடிக்கையாளர் கேட்ட கேள்வி அவருக்குச் சட்டம் தந்த கேள்விதான், கோபப்படாதீர்கள். புதியவர் விலாசம் தந்தது, நாளைக்கு என்று சொன்னது எல்லாவற்றின் ஸ்கிரீன்ஷாட்டையும், போன் நம்பரை மறைத்துவிட்டு, அவரிடம் காட்டுங்கள்.

டேவணி வாங்குவது நல்லதுதான். ஆனால் கட்டத் தவறினால் எவ்வளவு பிடிப்பீர்கள் என்பதை முன்பே எழுதுங்கள், தொகை சின்னதாக இருக்கட்டும். ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டை மட்டும்தான் அனுமதிக்கிறது. ஏலம் கேட்டவர் பதினெட்டு வயது ஆகாத பையன் என்றால் அந்த ஒப்பந்தமே செல்லாது. ராத்திரியில் 6,000 என்று தாவுகிற கை சில சமயம் அப்பாவின் போனில் இருக்கும் பள்ளிக்கூடத்துப் பையன் கை. புதியவரிடம் ஒரு தடவை போனில் பேசிவிடுவது நல்லது.

கோவை உக்கடம் செகண்ட்ஸ்:

ஒன்று சேர்க்கிறேன். பணம் கட்டாதவரைவிட, கட்டியதாகக் காட்டுகிறவர் ஆபத்து. ஸ்கிரீன்ஷாட்டை நம்பி பார்சல் போடாதீர்கள். உங்கள் வங்கி ஆப்பைத் திறந்து, வரவு ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் டேப் ஒட்ட வேண்டும். "ராணுவத்தில் இருக்கிறேன், இந்தக் கியூஆரை ஸ்கேன் பண்ணுங்கள், பணம் வரும்" என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள்.

கொழிஞ்சாம்பாறை ஆடியோ:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வக்கீல் அக்கா சொன்னபடி வியாழக்கிழமை காலையில் புதியவருக்கு ஒரு அறிவிப்பு அனுப்பினேன்: வெள்ளி மாலை ஆறு மணி வரை அவகாசம், அப்புறம் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று. பதில் இல்லை. வெள்ளி ராத்திரி இரண்டாமவரையும் மூன்றாமவரையும் கூப்பிட்டு, புதியவர் கேட்ட விலைகளை எல்லாம் அடித்துவிட்டு 4,800-இலிருந்து அரை மணி நேரம் விட்டேன். மூன்றாமவர் 5,400 வரை வந்தார். களியக்காவிளை அண்ணன் கணிப்பு சரிதான், அவர் எல்லை 4,800 இல்லை. இரண்டாமவர் 5,600-க்கு எடுத்தார். பத்தே நிமிஷத்தில் பணம் வந்துவிட்டது. "இப்படி விட்டதுக்கே அடுத்த செட்டும் உங்களிடம்தான்" என்று குழுவிலேயே எழுதினார். 8,600-ஐ நினைத்தால் குறைவுதான். ஆனால் 8,600 என்று ஒரு விலை இருந்ததே இல்லை என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது.

இன்று காலை அந்தப் புதியவர் மெசேஜ் போட்டிருக்கிறார்: "அண்ணா, சாரி, ஊரில் இல்லை. 8,600 இப்பவே போடறேன், எனக்கே கொடுங்க." செட் இன்னும் என் மேஜை மேல்தான் இருக்கிறது, பேக் மட்டும் ஆகியிருக்கிறது. வீட்டில் அம்மா, மூவாயிரம் ரூபாய் கூடக் கிடைக்கிறதே என்கிறார். நான் இரண்டாமவருக்குத்தான் அனுப்பப் போகிறேன். இவர் கேட்காமலே பணத்தைப் போட்டுவிட்டால் என்ன செய்வது?

சித்தூர் கோர்ட் ரோடு:

இரண்டாமவரோடு விற்பனை முடிந்து பணமும் வாங்கியாயிற்று, அது அவர் பொருள். புதியவரிடம் "அவகாசம் வெள்ளி ஆறு மணியோடு முடிந்தது, பொருள் விற்றாகிவிட்டது, பணம் அனுப்ப வேண்டாம்" என்று உடனே எழுத்தில் பதில் போடுங்கள். மீறி அனுப்பினால் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்கு அன்றைக்கே முழுத்தொகையையும் திருப்பி அனுப்பி, பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வையுங்கள். வேறு ஏதாவது நம்பர் கொடுத்து அதற்குத் திருப்பச் சொன்னால் செய்யாதீர்கள்.

பொள்ளாச்சி வால்வு ரேடியோ:

தம்பி, பார்சல் போடும்போது கேசட் கதவுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் ஸ்பாஞ்ச் வையுங்கள், ஆண்டெனாவை மடித்து டேப் ஒட்டுங்கள். பேட்டரி பெட்டியில் செல் எதுவும் இருக்கக் கூடாது, வழியில் கசிந்தால் ஸ்பிரிங் எல்லாம் போய்விடும். மூன்றாமவரின் நம்பரைப் பத்திரமாக வையுங்கள். 5,400 வரை வந்தவர், அடுத்த பி.பி.எல் கிடைத்தால் முதலில் அவரைத்தான் கூப்பிட வேண்டும்.